மெஷின் காலடியில் பீடக்கல்

அப்பாவுக்கு வேதக்கோயிலில், அதாவது புராட்டஸ்டண்ட் சபைக் கோயிலில், வேலை. கூட்டுவது, மணி அடிப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் அவர்தான். அதனால் பீடத்தைச் சிறு வயதிலிருந்தே கிட்டத்தில் பார்த்து வளர்ந்தவள் நான். கிழக்குச் சுவரை ஒட்டி மூன்று படி, படிக்கு மேல் ஒரு தேக்கு மேசை, அதன்மேல் காலத்துக்குத் தக்கபடி வெள்ளையோ பச்சையோ ஊதாவோ ஒரு விரிப்பு. முன்னால் இடுப்புக்குக் கீழாக ஒரு மரக் கிராதி. இராப்போஜனத்தன்று அப்பமும் ரசமும் வாங்க அந்தக் கிராதி ஓரமாக முழங்கால் போட்டுக் கை நீட்டுவோம். கிராதிக்கு உள்ளே சபைப் போதகரான ஐயரும் அப்பாவும் மட்டும் போகலாம். அது வெறும் மேசைதான், கத்தோலிக்கர்கள் நற்கருணை வைக்கிற பெட்டி மாதிரி எதுவும் அதில் கிடையாது என்று அப்பா எங்களுக்குச் சொல்வார். ஆனால் துடைப்பத்தோடு உள்ளே போனால், ஒருநாளும் அதில் கை ஊன்றி நிற்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் என்னை ஆர்.சி., அதாவது கத்தோலிக்க வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். சாதி ஒன்று, சபை வேறு. எங்கள் பக்கம் அது பெரிய தடையில்லை, பெண் மாறிக்கொண்டால் போதும். கோவில்பட்டியில் ஒரு கன்னியாஸ்திரீ ஒரு மாதம் எனக்கு மந்திரங்களைப் பாடம் பண்ண வைத்தார். ஜெபமாலை எப்படி உருட்டுவது, குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்வது எல்லாம் வந்தது. பீடத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் பூசையில், அவர்கள் 'சாமி' என்று அழைக்கிற குருவானவர் குனிந்து பீடத்தை முத்தமிட்டார். மேசைக்குப் போய் யாராவது முத்தம் கொடுப்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து அழுவேன் என்று அப்போது தெரியாது.

புருஷன் ஊர் விளாத்திகுளம் ரோட்டில் இறங்கி ஒன்றரை மைல் உள்ளே. மிளகாயும் பருத்தியும் கம்பும் போட்ட கரிசல் காடு. கிறிஸ்தவர்கள் எட்டு வீடுதான். அவர்களுக்கு ஒரு சின்னக் கோயில் இருந்தது. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அப்படி உப்பிச் சுருங்கியே அதன் சுவர் கையை விடுகிற அளவுக்குப் பிளந்துவிட்டது. கூரை ஓடுகளை இறக்கிவிட்டார்கள். அதனால் மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் பூசை எங்கள் வீட்டு முன்னறையில்தான். சாமி கோவில்பட்டியிலிருந்து பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு தோல்பையோடு வருவார். வயதானவர், கோபக்காரர், பிள்ளைகளுக்கு மட்டும் மிட்டாய் வைத்திருப்பார்.

பீடம் எது என்றால், என் மேசைதான். கல்யாணத்துக்கு முன் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் பழகியிருந்தேன். வெட்டிய துணியைக் கட்டாக வாங்கிவந்து, பிள்ளைகள் கவுனாகத் தைத்துத் திருப்பி அனுப்புவேன். அத்தை, அதாவது என் மாமியார், பிசிறு நூலை வெட்டி, மடித்து, எண்ணிக் கட்டிவைப்பாள். துணியை விரித்துப் பிரிக்கிற அந்த நீள மேசையைப் பூசையன்று அவளே சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைப்பாள். வெள்ளை விரிப்புப் போட்டதும் சாமி பைக்குள்ளிருந்து எதையோ எடுத்து விரிப்புக்குக் கீழே செருகுவார், அதற்கு மேல் பாத்திரங்களை வைப்பார். என்ன செருகுகிறார் என்று நான் கேட்டதில்லை. புது மருமகள் எதைக் கேட்டாலும், வேதக்கோயில்காரிக்கு இதுகூடத் தெரியவில்லை என்று ஒரு பேச்சு வரும். அதற்குப் பயந்தே வாயைத் திறக்க மாட்டேன்.

பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. முதல் வருஷம் உண்டான பிள்ளை ஏழாம் மாதத்தில் வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. ஆண் பிள்ளை. துக்கம் கேட்க வந்த என் புருஷனின் சித்தி ஒருத்தி, மாதாவை மதிக்காத கூட்டத்திலிருந்து பெண் எடுத்தால் இப்படித்தான் என்று என் காதுபடச் சொல்லிவிட்டுப் போனாள். அத்தை அதை மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை. நான்தான் நாள் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் பங்குனியில் எனக்கு மறுபடி ஐந்து மாதம். அந்த மாதப் பூசை முடிகிற நேரம் பார்த்துக் கோடை மழை இருட்டிக்கொண்டு வந்தது. களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. நனைந்தால் ஒரு வருஷப் பாடு போச்சு. கடைசி ஆசீர்வாதம் வாங்கியும் வாங்காமலும் எட்டு வீட்டுச் சனமும் களத்துக்கு ஓடியது, அத்தை எல்லாருக்கும் முன்னால். அதே நேரம், பக்கத்து ஊரில் ஒரு பெரியவருக்கு மூச்சு இழுக்கிறது, சாகிறவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைபூசுதல் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் சைக்கிளில் வந்து நின்றார். சாமி கைக்கு அகப்பட்டதைப் பையில் திணித்துக்கொண்டு மழைக்கு முன் வண்டியை எடுத்துவிட்டார். ஓடக்கூடாது என்று கட்டளை வாங்கியிருந்த நான் மட்டும் வீட்டில்.

விரிப்பை மடிக்கலாம் என்று தூக்கினால் கீழே ஒரு பொதி. ஒரு சாண் சதுரம், இரண்டு விரல் கனம். மெழுகேறிய பழுப்பு வெள்ளைத் துணியில் ஏதோ பாரமான சில்லைப் பொதிந்து, நாலு ஓரமும் கையால் தைத்திருந்தது. தையல்காரிக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும்? புதியம்புத்தூரில் துணி அடுக்கு பறக்காமல் இருக்க உடைந்த தரைக்கல்லையோ அரைச் செங்கலையோ இப்படித்தான் துணியில் பொதிந்து தைத்து மேலே வைப்போம். வெறுங்கல்லை வைத்தால் துணியில் நூல் இழுத்துவிடும். சாமி செருகுவது எதுவோ அது அவர் பையோடு போயிருக்கும், இது காற்று அடிக்கிறதே என்று விரிப்புக்காக அத்தைதான் எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். என் தொழிலுக்குத் தோதான சாமானாக இருக்கிறதே என்று சந்தோஷம் வேறு.

அப்போது எனக்குத் தலைபோகிற தொந்தரவு மெஷின்தான். கோடையில் மண் சுருங்கி முன்னறைத் தரை வெடித்து, மெஷினின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. மிதித்தால் ஸ்டாண்டே ஆடும், ஊசி துணியில் கோணல் போடும். அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தால் இரண்டு நாளில் நசுங்கிவிடும். அந்தப் பொதியைக் காலுக்குக் கீழே தள்ளிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. மெஷின் அசையவில்லை. அன்றிலிருந்து ஒரு மாதம் அதன்மேல்தான் தைத்தேன். எண்ணெய் சொட்டியது. மிதித்து அலுத்தால் செருப்பில்லாத காலை அதன்மேல் வைத்து ஆறிக்கொண்டேன். துணிக்கட்டுகள் மறைத்துக்கொண்டதால் வேறு யார் கண்ணிலும் படவில்லை.

சித்திரைப் பூசைக்கு வந்த சாமி, பையைக் கவிழ்த்துத் தேடினார். பிறகு அத்தையிடம், போன தடவை மேசையில் ஒரு கல்லை விட்டுப்போனேனா, வெள்ளைத் துணியில் பொதிந்தது என்று கேட்டார். போகிற எல்லா ஊரிலும் கேட்டுவிட்டாராம். எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. எல்லாரும் என்ன கல் என்று கேட்க, அவர் நின்றபடியே சொன்னார். கோயில் இல்லாத இடத்தில் வெறும் மேசையைப் பீடமாக்குகிற கல் அது. வேதத்துக்காக உயிரைக் கொடுத்த ஒரு புனிதருடைய எலும்பு அதற்குள் வைத்து அடைத்திருக்கிறது. சாமியுடைய குரு சாகும்போது சாமி கையில் கொடுத்தது. சொல்லும்போது அந்தக் கோபக்காரருடைய குரல் உடைந்துபோனது.

அத்தை நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். பிறகு எட்டு வீட்டுக்காரர்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எவன் எடுத்திருந்தாலும் அவன் வெளங்க மாட்டான். அவன் வீட்ல தொட்டில் ஆடாது."

வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிள்ளை அந்த வார்த்தையைக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. நான் நின்ற இடத்திலிருந்து மெஷின் இரண்டு எட்டு. அதற்கும் பீடத்துக்கும் நடுவில் கவுன் கட்டுகள்தான். சாமி கல் இல்லாமலே பூசை வைத்தார். வெறும் மேசையைக் குனிந்து முத்தமிட்டார். எனக்குப் பூசையில் ஒன்றும் காதில் விழவில்லை, மெஷின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நற்கருணைக்குப் போகாவிட்டால் அத்தை ஏன் என்று கேட்பாள். போய் அப்பத்துக்கு நாக்கை நீட்டினேன். தகுதியில்லாமல் பந்திக்கு வராதே என்று எங்கள் ஐயர் எச்சரிப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு பாவத்தோடு போனவள் இரண்டு பாவத்தோடு வந்து உட்கார்ந்தேன்.

அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல முடியவில்லை. தெரியாமல் செய்தேன் என்றால், போன பிள்ளைக்கும் காரணம் கிடைத்துவிடும், இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அதற்கும் கிடைத்துவிடும். புருஷனிடம் சொல்லலாம் என்றால், அவருக்குத் தெரிந்தது எதுவும் அவர் அம்மாவுக்குத் தெரியாமல் பொழுது சாய்ந்ததில்லை.

மறுநாள் அத்தை காட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கல்லை உருவினேன். துணியில் எண்ணெய்க் கறை, துரு, என் பாதம் பட்ட அழுக்கு. துவைத்துவிடலாம் என்று தையலைப் பிரித்தேன். வெள்ளைக் கல்லில் ஐந்து சிலுவைகள் கீறியிருந்தன. நடுவில் புளியங்கொட்டை அளவு ஒரு குழியைச் சுண்ணாம்பு போல எதையோ வைத்து அடைத்திருந்தது. அதற்குள்தான் எலும்பு. கட்டை விரல் அதில் பட்டதும் கையை உதறிக்கொண்டேன். அந்த மத்தியான வெயிலில் எனக்குப் பல் கிட்டியது. செத்தவர்கள் எலும்பில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிராந்தி என்று வேதக்கோயிலில் எத்தனையோ பிரசங்கம் கேட்டவள்தான். ஒன்றும் உதவவில்லை. பழைய துணியின் கறை போகாது என்று தெரிந்ததும், மீந்த வெள்ளைப் பாப்ளினில் புதிதாக ஓர் உறை தைத்துப் போட்டேன். எனக்குத் தெரிந்த நல்ல தையல் எல்லாம் அதில் போட்டேன். பழையதை அடுப்பில் எரித்தேன். எரியும்போது, இதையும் எரிக்கலாமா என்று புதிதாக ஒரு பயம் வந்தது.

அதற்குப் பிறகு பிள்ளை எத்தனை தடவை அசைகிறது என்று எண்ண ஆரம்பித்தேன். அசையாத மணி நேரங்களில் எனக்கு உயிர் இருக்காது. ஒரு வாரம் போனது. ஒருநாள் விடிந்ததிலிருந்து அசைவே இல்லை. அக்காவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கல்லைக் கவுன்களுக்கு நடுவில் சுருட்டிக் கோவில்பட்டி பஸ் ஏறினேன். வழி நெடுக வெடித்த கரிசல். பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம், இப்போதாவது அசையாதா என்று வயிற்றையே கேட்டுக்கொண்டு போனேன்.

அக்கா கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்தவள். ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் அவர்கள் கூடுகிறார்கள். அங்கே பீடமே கிடையாது. ஒரு மேடை, மைக், டிரம் செட், பைபிள் வைக்க ஒரு தாங்கி. பாஸ்டர் அழைக்கும்போது முன்னால் போய் நிற்பார்களே, அந்த வெறுந்தரையைத்தான் பீடம் என்பார்கள். பீடத்துக்கே பயப்படாத சபையைச் சேர்ந்தவள், எனக்குத் தைரியம் சொல்வாள் என்று நம்பி அந்த மாடிக்கே போனேன். பையில் இருப்பது என்ன என்று சொன்னதும் அவள் படியிலேயே என்னை நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, செத்தவிய எலும்பையா வயித்துப் புள்ளயோட தூக்கிட்டு வந்திருக்க? அத வீட்ல வச்சிருந்தா புள்ள எப்பிடிட்டி தங்கும்? ஏதாவது பாழுங்கெணத்துல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போ."

பையைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் என் தலையில் கைவைத்துச் சத்தம் போட்டு ஜெபித்தார்கள். என் காதெல்லாம் படியில் இருந்தது. யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? அத்தை சொன்னபடி பார்த்தால் கல்லை அவமதித்ததால் பிள்ளைக்கு ஆபத்து. அக்கா சொன்னபடி பார்த்தால் கல்லை வைத்திருப்பதால் ஆபத்து. இரண்டு பேருக்கும் ஒரே ஆண்டவர்தானே, எது உண்மை என்று கேட்க எனக்கு ஆள் இல்லை. பிள்ளை அப்போதும் அசையவில்லை.

கிணற்றைத் தேடிப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆர்.சி. கோயிலுக்கே நடந்தேன். கோயில் வராந்தாவில் சாமி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மண்டியிட்டுச் சொல்லவேண்டிய பாவசங்கீர்த்தன மந்திரம் எதுவும் வாயில் வரவில்லை. பையைப் பிரித்து அவர் மடியில் வைத்துவிட்டு, நான் திருடவில்லை, தெரியாமல் மெஷினுக்கு முட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லி அழுதேன். கால் வைத்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் புது உறையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"விட்டுட்டுப் போனது நான். ஒனக்கு என்னம்மா பாவம்? இது இல்லாமலும் மேசையில பூசை வைக்கலாம்னு மேல உள்ளவிய எப்பவோ சொல்லிட்டாவ. எனக்குத்தான் இது இல்லாம கை ஓடாது. ஒரு மாசமா நானும் பயந்துகிட்டுத்தான் கெடந்தேன்."

அத்தை விட்ட சாபம் பலிக்குமா என்று கேட்டேன். அவர் கல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார். சாபத்துக்கு அவ்வளவு பலம் இருந்தால் நம் பக்கம் ஒரு வீட்டிலும் விளக்கு எரியாது என்றார். சரியான பதில்தான். ஆனால் சொல்வதற்கு முன் அவர் ஒரு கணம் யோசித்தாரே, எனக்கு அதுதான் மனதில் தங்கியது. என் பெயர் வெளியே வராது என்று மட்டும் உறுதி சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து ஒரு டீயும் பன்னும் வாங்கிச் சாப்பிட்டேன். காலையிலிருந்து வெறும் வயிறு. பாதி பன்னில் பிள்ளை புரண்டது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன், டீக்கடைக்காரர் காசுகூடக் கேட்கத் தயங்கினார்.

வைகாசியில் எனக்கு ஏழாம் மாதம் பிறந்தது. முதல் பிள்ளை போன மாதம். அந்தப் பூசைக்குச் சாமி கல்லோடு வந்தார். கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். எங்கே, யாரிடம் என்று கேட்டவர்களைப் பார்த்த பார்வையில் யாரும் மறுபடி கேட்கவில்லை. எல்லாரும் தொட்டு முத்தி செய்ய ஆசைப்பட்டார்கள். அவர் கல்லைக் கையில் பிடித்துக்கொள்ள, வரிசையாக வந்து முத்தமிட்டார்கள். வீட்டுக்காரி என்பதால் அத்தைதான் முதலில்.

குனிந்தவள் நிமிரவில்லை. முத்தமிடப் போன வாய் அப்படியே நின்றது. உறையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எந்த ஓரம் அடித்தாலும் மூலையில் ஒரு நூலைக் குறுக்கே இழுத்து முடிச்சை உள்ளே விடுவேன். எனக்குப் பழக்கம். ஒன்றரை வருஷத்துக்கு மேலாக என் கவுன்களின் முடிச்சுகளைத் தேடித்தேடிப் பிசிறு வெட்டியவள் அவள். மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். அது இல்லை. ஒரு மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்துவந்த முகம் அவளுக்கு வந்திருந்தது.

பூசையில் சனம் சேர்ந்து சொல்கிற பதில் எதையும் அவள் சொல்லவில்லை. நற்கருணைக்கும் எழுந்திருக்கவில்லை. முடிந்து, பாத்திரங்களைத் துடைத்துவிட்டு, சாமி விரிப்புக்குக் கீழே கைவிட்டபோது அவள் எழுந்து மேசைக்கு வந்தாள்.

"எடுக்காதிய சாமி. ஒரு நிமிசம்."

விரிப்பின் மேல், கல் இருந்த இடத்தில், உள்ளங்கையை வைத்தாள். எட்டு வீட்டுச் சனமும் இன்னும் கலையவில்லை.

"போன மாசம் இங்கன நின்னு ஒரு வார்த்த சொன்னேன். அத நான் திருப்பி எடுத்துக்கிடுதேன். எடுக்க முடியாதுன்னா, அது வேற ஆரு மேலயும் போக வேண்டாம். என் தலையில எறங்கட்டும்."

முகம் தெரியாத திருடனுக்காகவே இப்படி மன்றாடுகிறாள், எவ்வளவு நல்ல மனசு என்று வந்தவர்கள் பேசிக்கொண்டு போனார்கள். சாமி அவள் தலையில் சிலுவை போட்டார். வேண்டாம் அத்தை என்று கத்த வேண்டும் போல இருந்தது எனக்கு. கத்தவில்லை. ஒரு பயம் என்னை விட்டு இறங்கியதை நான் உணர்ந்தேன். அது யார் மேல் ஏறியது என்றும் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் எனக்கு உடம்பு லேசானது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஆடியில் பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல குரல். தொட்டிலை அத்தைதான் கட்டினாள். அதைப் பற்றி அவளும் என்னிடம் பேசவில்லை, நானும் அவளிடம் பேசவில்லை. பிள்ளைக்காகப் பட்ட பயம் முழுவதையும் அதற்குப் பிறகு நான் அவளுக்காகப் பட்டேன். அவள் இருமினால் எழுந்து போய்ப் பார்ப்பேன். கிணற்றடிக்குப் போனால் கூடவே போவேன். மருமகள் தாங்குகிறாள் என்று ஊரே மெச்சியது.

மகளுக்கு நாலு வயதாகும்போது அத்தையின் காலில் வந்த ஒரு புண் ஆறவில்லை. மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இழுத்து, ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். சர்க்கரை முற்றிவிட்டது என்றார் டாக்டர். என்ன வந்து செத்தாள் என்று யாராவது கேட்டால், நானும் சர்க்கரை என்றுதான் சொல்கிறேன்.